காத்துக்கும் காது உண்டு!

சுவத்துக்குக் காது உண்டுன்னு சின்ன வயசிலேயே கேட்டிருப்பீங்க. காத்துக்கும் காது உண்டுங்கறது தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

சந்தேகம்னா காசிமேடு பக்கம் போய்ப் பாருங்க. கடலுக்குப் போகிற விசைப்படகுகளில் வி.ஹெச்.எஃப். வயர்லெஸ் செட் இருக்கும். அதில் ஒருத்தர் பேசினால், அதே சேனலைத் திறந்து வைத்திருக்கும் அக்கம்பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் கேட்கும். ஆபத்து நேரத்தில் அதுதான் உயிர்காக்கும் வசதி. ஆனால், மீன் பட்ட இடத்தை அதில் உடைச்சுச் சொன்னா? கொஞ்ச நேரத்தில் அங்கே பத்துப் படகு நிற்கும்!

உங்க செல்போனும் அடிப்படையில் ஒரு வயர்லெஸ் செட்தான். திருவொற்றியூர் தேரடியில் நின்று பேசினால், அந்த அலை டவரை மட்டும் தேடிப் போகாது; நாலா பக்கமும் பரவும். ஒரே வித்தியாசம், செல்போன் உங்க பேச்சைப் பூட்டி அனுப்புது. உங்க அந்தரங்கம் தொங்கிக்கொண்டிருப்பது அந்தப் பூட்டில்தான்.

அந்தப் பூட்டு எப்படி? 2ஜியில் பரவலாகப் பயன்பட்ட 'ஏ5/1' என்ற பூட்டு 1980களின் சரக்கு. 2009 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், அதை உடைப்பது எப்படி என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர் கார்ஸ்டன் நோல் விளக்கினார். 2ஜியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. டவர் சிம்கார்டைப் பார்த்து 'நீ யாரு?' என்று கேட்கும். சிம் திருப்பிக் கேட்காது. அதனால் போலி டவரையும் உங்க போன் நம்பிவிடும். 3ஜியிலிருந்துதான் இரண்டு பக்கமும் அடையாளம் காட்டும் பழக்கம் வந்தது.

"மச்சி, இதெல்லாம் சினிமாவில்தான்" என்கிறீர்களா? 2010 ஏப்ரலில் சரத் பவார், நிதிஷ் குமார், பிரகாஷ் காரத் போன்ற தலைவர்களின் செல்போன் பேச்சு காற்றிலிருந்தே பிடிக்கப்பட்டதாக 'அவுட்லுக்' இதழ் செய்தி வெளியிட்டது. நாடாளுமன்றமே அமளிப்பட்டது. அப்படி யாருக்கும் அனுமதி தரவில்லை என்று அரசு மறுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி வழியாகக் கேட்டால் அந்த உத்தரவு கைமாறும், பதிவாகும். காற்றிலிருந்து பிடித்தால்? கம்பெனிக்கே தெரியாது!

"நான் என்ன மந்திரியா?" என்று கேட்காதீங்க. பேங்க் ஓடிபி, அம்மாவின் மெடிக்கல் ரிப்போர்ட், உங்க காதல்... எல்லாமே அதே காற்றில்தான் போகுது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது மந்திரிகளுக்காக மட்டும் இல்லை.

சரி, என்ன பண்ணலாம்?

* ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு வந்த பல போன்களில் சிம் செட்டிங்ஸுக்குள் 2ஜியை அணைக்கும் வசதி உண்டு. அணைத்துவிடுங்க. அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜி வேலை செய்யும்.

* நல்ல பூட்டும் டவர் பக்கம் போனதும் திறக்கப்படும். சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படித்தான். ரொம்ப அந்தரங்கமான பேச்சா? இந்த முனையில் பூட்டி அந்த முனையில் மட்டும் திறக்கும் சிக்னல், வாட்ஸ்அப் மாதிரி ஆப்களில் பேசுங்க.

* டீக்கடைச் சுவரில் வைஃபை பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தால், சாவி ஊருக்கே கொடுத்தாச்சு என்று அர்த்தம். பேங்க் வேலைக்கு மொபைல் டேட்டாவே போதும்.

கடைசியா ஒண்ணு. இத்தனை பூட்டும் போட்டுட்டு, எண்ணூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து "ஹலோ... ஓடிபி எழுதிக்கோ... நாலு, ஏழு..." என்று கத்தினால், உங்களை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாத்தாது பாஸ்!