மடி வற்றக் கறந்த படை



மலாயா ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், மாணவர்கள் சட்டென்று இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: ஒன்று, ஜப்பானியரின் மிதிவண்டி, மற்றொன்று, கடலை நோக்கி நின்ற சிங்கப்பூர்ப் பீரங்கி. விவரம் அறிந்தவர்கள், பிரிட்டிஷாரிடம் போர் தொடங்கியபோது ஒரு டாங்கிகூட இல்லை என்பதையும் சேர்ப்பார்கள். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அது போர்க்களத்தில் நிகழவில்லை. அலுவலக மேசையில் நிகழ்ந்தது.

1939இல் பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இருந்தனர். 1945இல் அந்த எண்ணிக்கை 25 இலட்சத்தைத் தொட்டது. புதிய பட்டாளங்களுக்குத் தலைவர்கள் வேண்டுமே! பழைய பட்டாளங்களிலிருந்து அனுபவமிக்க அதிகாரிகளையும் சுபேதார்களையும் ஹவில்தார்களையும் தலைமையகம் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது. அக்காலப் படையினரே இதனைப் 'பால் கறத்தல்' என்றுதான் அழைத்தனர்.

இடம் நிரம்பியது, உறவு நிரம்பவில்லை. அந்தப் படையின் பொதுமொழி உருது. அவசரப் பயிற்சி முடித்து வந்த இளம் ஆங்கிலேய அதிகாரிகள் பலருக்கு அம்மொழி சரிவரத் தெரியாது. சிப்பாயின் ஊரையும் குடும்பத்தையும் அச்சத்தையும் அறிந்து பாலமாக நின்ற சுபேதாரும் வேறு பட்டாளத்திற்குப் போய்விட்டார். தன் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்காதவரின் கட்டளைக்காக ஒருவன் எவ்வளவு நேரம் உயிரைப் பணயம் வைப்பான்?

விடை விரைவிலேயே தெரிந்தது. 1941 டிசம்பரில் ஜித்ரா அரண் இரண்டே நாளில் உடைந்தது. மத்தியக் கிழக்கிற்கென ஆயத்தமாகி வந்த 45ஆம் இந்தியப் பிரிகேட், 1942 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கரையிறங்கியது. பயிற்சி முற்றுப்பெறாத இளைஞர்களே அதில் மிகுதி. அம்மாத நடுவில் மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட அப்பிரிகேட் ஒரே வாரத்தில் சிதைந்தது. அதன் தளபதி டங்கனும் மாண்டார்.

படையைப் பெருக்க வேறு வழி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விதைநெல் எடுக்காமல் நாற்றங்கால் இல்லை. ஆனால், கறந்த மாட்டுக்குத் தீனியும் ஓய்வும் கொடுக்காமல் மறுநாளே ஏரில் பூட்டியதுதான் பிழை. பட்டியலில் ஒரு ஹவில்தாருக்கு இன்னொரு ஹவில்தார் சமம்; பாசறையில் அப்படியன்று. இந்த வேறுபாடு தொலைவிலுள்ள மேசைக்குத் தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறானது ஆர்கைல் பட்டாளம். 1939இலேயே இங்கு வந்துவிட்ட அப்பட்டாளத்தினரை, தளபதி ஸ்டூவர்ட் காட்டுப் போருக்கென விடாமல் பயிற்றுவித்தார். பின்வாங்கல் நெடுகிலும் அவர்கள் குலையாமல் போரிட்டார்கள். 1942 ஜனவரி 7இல் சிலிம் ரீவரில் டாங்கிகள் முன் அவர்களும் சிதைந்தார்கள் என்பது உண்மையே. உறவு மட்டுமே டாங்கியைத் தடுத்துவிடாது. ஆயினும், முதல் அடியிலேயே குலையாமல் நிற்க அதுவே துணை.

ஜித்ராவில் போரிட்ட பஞ்சாப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்தான் கேப்டன் மோகன் சிங். 1942 பிப்ரவரி 17இல் ஃபேரர் பார்க் திடலில் அவர் விடுத்த அழைப்பை ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஏற்றனர். விடுதலை வேட்கையும் ஊதியப் பாகுபாடும் முதற்காரணங்கள். பழகிய தலைவர்கள் இல்லாமற்போனதும் அந்த முடிவை எளிதாக்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஓராண்டில் மூன்று ஆசிரியர்களைக் கண்ட வகுப்பை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மனிதர்களை இடம் மாற்றும் அதிகாரம் மேலிடத்தில் இருப்பது தவிர்க்க இயலாதது. ஆனால், தலைவரையும் அவருக்கு அடுத்தவரையும் ஒருசேரப் பெயர்க்காதீர்கள். உடனிருந்து பார்ப்பவரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். புதியவர் வேரூன்றக் காலம் கொடுங்கள்.

தைப்பிங் போர்க் கல்லறையில் பெயர் அறியப்படாதோர் பலர் உறங்குகிறார்கள். அங்குச் செல்லும் மாணவர்களுக்கு மிதிவண்டிக் கதையோடு இதையும் சொல்வோம்.