மாடியில் பெய்யும் குடங்கள்

நீர்ச் சிக்கனம் என்றாலே குழாயை இறுக மூடுங்கள் என்கிறோம். விநாடிக்கொரு சொட்டு ஒழுகும் குழாய் நாளுக்கு நான்கு லிட்டர் சொச்சம் வீணாக்கும்; அளவு உருளையில் பிடித்துப் பார்த்தே சொல்கிறேன். மூட வேண்டியதுதான். ஆனால் 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் அன்றோ! முப்பது குடத்துக்கு மேல். என் அம்மா தெருக்குழாயில் நின்று சுமப்பதோ நாளுக்கு எட்டுக் குடம்.

2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் குழாய் இறங்கியதாம். நான் கண்டதெல்லாம் சருகு அடைத்த குழிதான். தெருவில் பல வீடுகளிலும் அப்படியே. சட்டம் வந்து சருகை அள்ளுமா? சென்ற ஐப்பசியில் தம்பியும் நானும் மாடியைப் பெருக்கி, குழியின் மணலை மாற்றி, குழாயடியில் பழைய டிரம் ஒன்றையும் வைத்தோம். அரை நாள் வேலை. இத்தனை ஆண்டுகள் செய்யாதிருந்தது என் பிழை. அடைமழை பெய்த அந்த வாரம் அம்மா குடிப்பதற்கு மட்டும் இரண்டு குடம் எடுத்தார்.