சூரியன் கொதிக்கும் வருடங்களில் காணி அளப்பது

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பற்றரிக்கு வழியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் வானொலி பாடும். சுற்றுவது என் வேலை. அப்பா பிபிசி தமிழோசைக்குக் காது கொடுத்தபடி இருப்பார். சத்தம் தாழும், நடுங்கும், திரும்ப எழும்பும். "ஒழுங்காச் சுத்தடா" என்று ஏச்சு விழும்.

குற்றம் முழுவதும் என் கையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிற்றலை ஒலிபரப்பு, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளிப் படையான அயனமண்டலத்தில் பட்டுத்தான் எங்களிடம் திரும்பி வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனைக்கும் இலங்கைக்கும் மேலாகச் செல்கிறது. 1963 இல் இந்தியா தும்பாவிலிருந்து ரொக்கெட் ஏவத் தொடங்கியதும் இந்தக் கோட்டுக்காகத்தான். இதை அண்டிய இடங்களில் பொழுது பட்டபின் அயனமண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பி அலைகளைக் குலைக்கும். சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களில், பங்குனி, புரட்டாதியை ஒட்டி இது கூட. 2000, 2001 அப்படியான வருடங்கள். நான் ஏச்சு வாங்கியதும் அப்போதுதான்.

2009 நேரெதிர். அந்த ஆண்டில் சுமார் 260 நாட்கள் சூரியனில் ஒரு கரும்புள்ளியும் இல்லை. மேலே அவ்வளவு அமைதி. கீழே நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போதைய சுழற்சியின் உச்சம் 2024 இல் வந்தது. அந்த மே 10 இல், 2003 க்குப் பின் முதல் தடவையாக அதியுச்சப் பிரிவுப் புவிகாந்தப் புயல் வீசியது. லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்தது. இந்தியாவின் ஆதித்யா எல்-1, 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் சாஜி செங்கோட்டைக்காரர். புயல் வந்தால் கைபேசி எரியும் என்ற வட்ஸ்அப் செய்திகளை விட்டுவிடுங்கள். தரையில் இருக்கும் எங்களை வளிமண்டலமும் காந்தப்புலமும் காக்கின்றன.

எனக்கு அக்கறை ஜிபிஎஸ் மீதுதான். செய்மதி அலை இந்தப் படையைக் கடக்கும்போது தாமதிக்கிறது. சூரியன் கொதிக்கும் காலத்தில் சாதாரணக் கைபேசியின் அளவு பல மீற்றர் பிசகலாம். பொழுது பட்டபின் செய்மதித் தொடர்பே அறுந்து போகலாம். மீள்குடியேறிய எங்கள் சனம் வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்து இலக்கங்களைக் குறித்து முறைப்பாடு எழுதுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இரட்டை அலைவரிசைக் கருவியோடு வரும் நில அளவையாளருக்கு இந்தப் பிசகில் பெரும்பகுதி கழிந்துவிடும். கைபேசியோடு நிற்கும் கமக்காரருக்குக் கழியாது. பத்து மீற்றர் வழக்கில் அந்த இலக்கம் நிற்காது.

அதனால் விடியக் காலையில், வெவ்வேறு நாட்களில், ஒரே இடத்தில் பல தடவை அளந்து திகதியும் நேரமும் எழுதுங்கள். பழைய கிணறு, அத்திவாரம், வேலிப் பூவரசு எல்லாவற்றையும் படமெடுங்கள். உறுதி இருந்தால் அதன் நான்கெல்லையோடு ஒப்பிடுங்கள். அளக்க வருகிறவரிடம் எந்தக் கருவி, எத்தனை மணிக்கு அளந்தது என்று கேட்டு, அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.