பழகிப்போச்சுன்னு சொல்லாதீங்க

2018-ல் சீனா பிளாஸ்டிக் குப்பை இறக்குமதிக்குத் தடை போட்டதும், அந்தக் குப்பை நம்ம நாட்டுக்கு வந்தது. கோல லங்காட், ஜென்ஜாரோமில் ராத்திரி நேரத்தில் பிளாஸ்டிக் எரியும் நாத்தம். அங்குள்ள மக்களே தேடிப் போய், சட்டவிரோதத் தொழிற்சாலைகள் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சு புகார் கொடுத்தாங்க. அதுக்குப் பிறகுதான் பல தொழிற்சாலைகளை மூடினாங்க.

இப்போ கிள்ளானில் எங்க கோயில் தொண்டர்கள் வீடு வீடா போய் தண்ணீர், குப்பை, சத்தம், காற்று பற்றி கேட்கிறோம். "பிரச்சினை உண்டா?"ன்னு கேட்டால், "பழகிப்போச்சுங்க"ன்னு சொல்றாங்க. "ராத்திரி எத்தனை மணிக்கு ஜன்னலைச் சாத்துறீங்கம்மா?"ன்னு கேட்டால்தான் உண்மை வருது. நான் தொழிற்சாலை சூப்பர்வைசர். மெஷின் கெட்டால் நாங்க முதலில் கேட்பது "எப்போதிலிருந்து?" என்றுதான். நாள், நேரம் இல்லாத புகாரை வச்சு யாரையும் பிடிக்க முடியாது.

ஒரு வீட்டில், "உங்க கோயில் ஒலிபெருக்கிதான் தொல்லை, பேரப்பிள்ளை தூங்க முடியல"ன்னார் ஒரு பெரியவர். கூட வந்தவர், "அதை எழுதாதீங்க அண்ணே"ன்னார். எழுதிட்டேன். நிர்வாகத்திடமும் காட்டிட்டேன். நம்ம சத்தத்தை மறைச்சிட்டு அடுத்தவன் புகையை மட்டும் எழுதினால், அந்தப் பாரத்தை யார் நம்புவாங்க?

உங்க வீட்டுக்கும் வருவோம். உள்ளதைச் சொல்லுங்க, கோயிலைப் பற்றியும்.