ஆணியிலிருந்து கழற்றுங்கள்

பெர்ன் மலைப்பக்கத்து உணவகங்களுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பாலாடைக்கட்டி வாசம் ஊறிப்போன மரச்சுவரில் ஒரு மான்கொம்பு, பெரிய பசுமாட்டு மணி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஆணியில் தொங்கும் ஒரு மரச் சைக்கிள். அதற்குச் சக்கரம் இருக்காது. சக்கரம் இருக்கவேண்டிய இடங்களில் இரும்புத் தகடு அடித்த இரண்டு சறுக்குக் கட்டைகள் இருக்கும். அதன் பெயர் வெலோகெமெல். கிரிண்டெல்வால்ட் கிராமத்தின் சொத்து. அதைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். மான் செத்துப்போனது, கொம்பை மாட்டலாம். வெலோகெமெல் எங்கே செத்தது?

பனிமலையடியில் இத்தனை காலம் வாழ்ந்தும் பனியில் ஒருநாள்கூட விளையாடாமல் வயதாகிப்போன தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிஸ் வந்து சேர்ந்த எங்கட ஆட்களில் பெரும்பகுதி ஹோட்டல், உணவகச் சமையலறைகளுக்குள்தான் போனது. இன்று ஏறத்தாழ 50,000 தமிழர் இங்கே இருக்கிறோம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை விருந்தாளிகள் ஸ்கி ஓடுவார்கள். நாங்கள் அவர்கள் தின்ற ஃபொண்டூச் சட்டியின் அடியைச் சுரண்டுவோம். பனி என்றால் எங்களுக்கு, விடிய ஐந்து மணிக்கு ஹோட்டலின் பின்வாசலில் சவலால் அள்ளித் தள்ளுகிற வேலை.

பிள்ளைகளின் கதை வேறு. இங்கே பள்ளிக்கூடமே அவர்களை ஸ்கி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு கிழமை கழித்துத் திரும்பி வரும்போது அவர்கள் மலைக்காரர்கள். பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் பெற்றோர் காரில் கொண்டுபோய் மலையடியில் இறக்கிவிடுவார்கள். பிறகு அந்தக் காருக்குள்ளேயே ஹீட்டரைப் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் பெட்டியில் மீன் றோல்ஸுமாகப் பின்னேரம் வரை இருப்பார்கள். இந்தக் காட்சியை எந்த மலையடிவாரத் தரிப்பிடத்திலும் பார்க்கலாம். ஐம்பது வயதில் ஸ்கி பழகப் போ என்று இவர்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்கி சின்ன வயதில் உடம்பில் ஏறவேண்டிய வித்தை. சாமான், லிஃப்ட் சீட்டு, வகுப்பு என்று காசும் கரையும். சமையலறைத் தரையில் நின்றே தேய்ந்த முழங்கால்கள் அதற்குச் சம்மதிக்கவும் மாட்டா. என் வைத்தியர் என்னுடைய எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கி என்ற சொல்லை இனி எடுக்கவே வேண்டாம் என்றார்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் சைக்கிள் ஓடத் தெரியும். முன்பாரில் தம்பி, கரியரில் தங்கச்சி, ஹாண்டிலில் மரக்கறிப் பை என்று ஒழுங்கை மணலில் விழாமல் ஓடிய சனம் நாங்கள். சமநிலை ஏற்கனவே இடுப்பில் இருக்கிறது. வெலோகெமெலுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இதைச் செய்தவரின் கதையும் காலோடு சம்பந்தப்பட்டதுதான். கிறிஸ்டியான் பூல்மான் கிரிண்டெல்வால்டில் மரவேலை செய்தவர். நடப்பது அவருக்குச் சிரமம், பனிக்காலத்தில் இன்னும் சிரமம். இருந்துகொண்டே போகக்கூடிய ஒரு வண்டியை மரத்தில் செய்து 1911-இல் காப்புரிமை எடுத்தார். ஊர் உடனே பிடித்துக்கொண்டது. தபால்காரர் அதில் கடிதம் கொண்டுபோனார், வைத்தியர் நோயாளியைப் பார்க்கப் போனார், மேட்டு வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வேலைக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் போன வண்டி அது. உல்லாசப் பயணிகள் அதைப் பிறகுதான் கண்டார்கள். 1996-இலிருந்து ஒவ்வொரு பெப்ரவரியிலும் அந்த ஊரில் உலக சாம்பியன் போட்டி என்றே ஒன்று நடத்துகிறார்கள். உலகம் என்பது அங்கே அடுத்தடுத்த பள்ளத்தாக்குகள்தான், ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை.

ஓடுகிற விதத்தைச் சொல்கிறேன். பெடல் இல்லை, பிரேக்கும் இல்லை. இருக்கையில் இருந்து இரண்டு காலாலும் நிலத்தை உதைத்துத் தள்ளவேண்டும். வண்டி தானாக இறங்கத் தொடங்கியதும் கால்களை இரண்டு பக்கமும் சற்று அகட்டி, பனியை மெல்லத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொள்ளவேண்டும். வேகத்தைக் குறைக்கக் குதிக்காலை ஊன்றவேண்டும். ஊன்றினால் பனித்தூள் கிளம்பி முகத்திலும் காற்சட்டைக்குள்ளும் போகும். அதற்கு மருந்து கிடையாது. வளைவில் ஹாண்டிலைத் திருப்பினால் மட்டும் போதாது, உடம்பும் உள்பக்கம் சரியவேண்டும். ஸ்பிறிங் இல்லாததால் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் முதுகெலும்பு தனித்தனியாக அறிமுகம் செய்துகொள்ளும். சப்பாத்தின் அடி ஆழமாக வெட்டுப்பட்டதாக இருக்கவேண்டும். தலைக்கவசம் கட்டாயம்.

கிராமத்திலிருந்து பஸ் ஏறினால் 1,800 மீற்றர் உயரத்திலுள்ள புஸ்ஸால்புக்குப் போகலாம். அங்கிருந்து பனிச்சறுக்கு வண்டில்கள் இறங்கும் பாதை இருக்கிறது. நல்ல முழங்கால் உள்ளவர்கள் ஃபிர்ஸ்ட்டுக்குக் கேபிள் காரில் போய், அங்கிருந்து ஃபௌல்ஹோர்ன் உச்சிக்கு இரண்டரை மணிநேரம் வண்டியை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அங்கிருந்து ஊர்வரை 15 கிலோமீற்றர் சறுக்குப் பாதை. எனக்குப் புஸ்ஸால்ப் போதும். முதல்முறை நான் கிளம்பியபோது மனைவி சொன்னது இதுதான்: "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விசரே? இந்த வயசில ஸ்னோவுக்குள்ள சைக்கிளோ?" இப்போது எனக்கு முன்னால் இறங்குபவர் அவர். வளைவுகளில் என்னைவிட நன்றாகச் சரிகிறார். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

வெலோகெமெல் ஒரு கிளை. இன்னொரு கிளை உலோகத்தில் செய்த ஸ்கிபொப். சறுக்குச் சைக்கிளுக்கு அமெரிக்காவில் கனெக்டிகட்காரர் ஒருவர் 1892-இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார், ஆனால் அது பரவவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகுதான் ஆஸ்திரியாவில் எங்கெல்பெர்ட் ப்ரெண்டரும், எல்லைக்கு அந்தப்பக்கம் பவேரியாவில் கேயோர்க் கெஃபெல்லரும் ஆளுக்கொரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ப்ரெண்டரின் காப்புரிமை 1949. சர்வதேசச் சம்மேளனம் 1961-இல் அமைந்தது. முதல் உலக சாம்பியன் போட்டி 1967-இல், ஆஸ்திரியாவின் பாட் ஹோஃப்காஷ்டைனில். வேகப் போட்டிகளில் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. அவர்களின் பெண்சாதிமாருக்கு இருக்கும்.

ஸ்கிபொப்பில் வண்டிக்கு இரண்டு ஸ்கி, ஓடுபவரின் கால்களுக்கு இரண்டு குட்டி ஸ்கி. இந்தக் குட்டி ஸ்கிகளின் குதிப்பக்கத்தில் இரும்புப் பற்கள் இருக்கும், அவைதான் பிரேக். உடம்பின் பாரம் இருக்கையில் இறங்கிவிடுவதால் முழங்காலுக்கு வேலை குறைவு. நிலத்தை நான்கு இடத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் பயமும் குறைவு. விழுந்தாலும் பெரும்பாலும் இருந்த உயரத்திலிருந்துதான் விழுவோம்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அல்ப்ஸ் முழுவதும் இவை ஓடித் திரிந்தன. பிறகு ஸ்னோபோர்ட் வந்தது, இளைஞர் அந்தப் பக்கம் போனார்கள், ஸ்கிபொப்கள் கொட்டிலுக்கும் கெல்லர் என்கிற நிலவறைக்கும் போயின. அந்த வீட்டுக் கிழவர்கள் காலமாக, பிள்ளைகள் வீட்டைத் துப்புரவாக்க, அவை புரொக்கிக்கு வந்து சேர்கின்றன. சுவிஸில் முதல் சோபாவையும் முதல் குளிர்கோட்டையும் புரொக்கியில் வாங்கிய எங்களுக்கு அந்தப் பழைய சாமான் கடைகளின் மூலை முடுக்கெல்லாம் பாடம். என் சேகரிப்பு அங்கேதான் தொடங்கியது. சிவப்புப் பெயின்ற் அடித்த இரும்புக் குழாய்ச் சட்டம், மர ஸ்கிகள், வெடித்துப்போன ரெக்சின் இருக்கை. கடைக்காரர் அதைத் தோட்டத்தில் பூச்சாடி வைக்கத் தோதான சாமான் என்று விளக்கினார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: துருவைக் கண்டு பயப்படவேண்டாம், உரசினால் போகும். ஹாண்டில் கழுத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் திருகி இறுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தில் ஒட்டுப்போட்ட இடங்களில் மயிரிழை வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், என்ன விலை குறைந்தாலும். மர ஸ்கி நடுவில் வளைவு செத்துத் தட்டையாகியிருந்தால் பரவாயில்லை; சிறுவர் ஸ்கி ஒரு சோடியை வாங்கி அளவுக்கு வெட்டிப் பூட்டலாம். உண்மையான கஷ்டம் காலுக்கான குட்டி ஸ்கிகள்தான். வண்டியையும் அவற்றையும் ஒன்றாக வைத்திருக்கவேண்டும் என்று வீடு துப்புரவாக்குபவர்களுக்குத் தெரியாது. வண்டி கடைக்கு வரும், குட்டி ஸ்கிகள் குப்பைக்குப் போகும். அதனால் தனியாகக் கிடக்கும் சோடி எதைக் கண்டாலும் நான் வாங்கிவிடுவேன், அதற்குரிய வண்டி என்றைக்காவது வரும் என்று. எங்கள் கட்டடத்துக் கெல்லரில் எனக்குரிய கம்பிவலை அறைக்குள் இப்போது அரிசி மூட்டைக்கு இடமில்லை. மனைவி எல்லாவற்றையும் மன்னித்தார், இதை இன்னும் மன்னிக்கவில்லை.

சேகரிப்பவர்களில் ஒரு வகையினர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பழைய சாமானை ஓட்டினால் தேயும், மதிப்புக் குறையும், மூலப் பெயின்ற் போய்விடும் என்பார்கள். தேயும்தான். ஆனால் மரத்துக்கு எண்ணெய் பூசி, இரும்புக்கு மெழுகு தடவி, வருடத்தில் சில தடவை பனியில் இறக்கிய வண்டியைவிட, அடுப்புச் சூட்டில் பத்து வருடம் சுவரில் காய்ந்த வண்டிதான் முதலில் பிளக்கிறது. உணவகச் சுவரிலிருந்து வாங்கிய ஒரு வெலோகெமெலில் பொருத்துகள் எல்லாம் கழன்று கையோடு வந்தன. பசை வைத்துப் பூட்டி எடுக்க ஒரு கோடை முழுக்கப் போனது. ஒரு வண்டி உண்மையிலேயே அபூர்வமாக இருந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். மற்றவை ஓடட்டும்.

இனி லிஃப்ட் விஷயம். வெலோகெமெலுக்கு வண்டில் பாதை இருக்கிறது, பஸ்காரரும் ஏற்றுவார். ஸ்கிபொப்புக்கு ஸ்கி ஓடும் சரிவு வேண்டும், அதற்கு லிஃப்ட் வேண்டும். சில இடங்களில் வரவேற்பார்கள், வாடகைக்கே வைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் வாசலிலேயே கை காட்டி நிறுத்துவார்கள். ஒரு நிலையத்தில் - பெயர் வேண்டாம் - சீட்டுக் காசை வாங்கிய பிறகு, இது வாகனம், ஏற்றமுடியாது என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவருடைய முதுகுப்பை என் வண்டியைவிடப் பெரியது. சரிவைக் கெடுக்கும், ஆட்களை இடிக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். உலோக விளிம்புள்ள ஸ்கியில், காலில் பிரேக்கோடு, குந்தியிருந்து இறங்குகிற ஒரு அறுபது வயதுக்காரர், குடித்துவிட்டு இறங்குகிற ஒரு இருபது வயது ஸ்கிக்காரரைவிட ஆபத்தானவர் என்பதை நான் ஏற்கமாட்டேன். விழுந்தால் வண்டி தனியாக ஓடிவிடுமே என்பது நியாயமான பயம். அதற்கு வண்டியையும் ஆளையும் இணைக்கும் ஒரு பட்டி போதும். அமெரிக்காவில் பல மலைகளில் அந்தப் பட்டியைக் கட்டாயமாக்கிவிட்டு லிஃப்டில் ஏற்றுகிறார்கள். அங்கே இப்போது ஸ்பிறிங் வைத்த, காலுக்கு ஸ்கியே தேவையில்லாத புதிய ரகங்களைக் கொலராடோ போன்ற இடங்களில் செய்கிறார்கள். ஒரு கால் இழந்தவர்களுக்கும் சமநிலை குறைந்தவர்களுக்கும் பனிச்சறுக்குக் கற்பிக்கும் மையங்களும் இந்த வண்டிகளைப் பயன்படுத்துகின்றன. அது தெரியாதவர்கள் இல்லை நம் லிஃப்ட் நிர்வாகிகள். வயதானவர் தொகை கூடிக்கொண்டே போகிற நாட்டில், முழங்கால் தேய்ந்த ஒவ்வொருவரையும் மலையடிவாரத்தில் நிறுத்திவைப்பது வியாபார ரீதியாகவும் புத்தியில்லை.

நேரமும் அதிகமில்லை. தாழ்ந்த சரிவுகளில் பனி வருடத்துக்கு வருடம் மெலிகிறது. ஊருக்குக் கிட்டவுள்ள கடைசிப் பகுதியில் வண்டியைத் தோளில் சுமந்து நடக்கிற நாட்கள் கூடிவிட்டன. இருக்கிற பனியில் ஓடவேண்டியவை ஓடவேண்டும்.

என் கெல்லரில் உள்ளவற்றைப் பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் கொடுக்கிறேன். வாடகை கிடையாது. கேட்டு வருபவர்களில் அநேகர் அந்தக் கார்த் தரிப்பிடத்துப் பெற்றோர்தான். முதலில் பிள்ளைக்கு என்று கேட்பார்கள். பிள்ளைக்கு ஸ்கி இருக்கிறதே, உங்களுக்குத்தான் தருவேன் என்பேன். நிபந்தனைகள் இரண்டு: தலைக்கவசம் சொந்தமாகக் கொண்டுவரவேண்டும், காலுக்கான குட்டி ஸ்கிகளை வண்டியோடு சேர்த்துக் கட்டித் திருப்பித் தரவேண்டும். றோல்ஸ் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.