22 பாகை அறையில் இருந்து எங்களுக்கு அறிவுரை வேண்டாம்

கேமிங் கொம்பியூட்டர் பொருத்துவது எப்படி எண்டு யூடியூப்பில் தேடினால் தமிழிலேயே ஏகப்பட்ட வீடியோ வரும். முக்கால்வாசியில் ஒரு ஏசி அறை, பின்னால் ஊதா வெளிச்சம், கண்ணாடிப் பெட்டிக்குள் நிறம் மாறி மாறிச் சுத்துகிற ஆறு ஃபான். கடைசியில் மைக்கைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய் "சத்தமே இல்லை பாருங்க" என்பார்கள். அந்த அறையில் இல்லைத்தான். அதே பெட்டியை முள்ளியவளையில் சீற் போட்ட ஒரு வீட்டில், சித்திரை மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடவிட்டுப் பார்க்கட்டும். பிறகு கதைப்பம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வன்னியில் இரண்டு, இரண்டரை இலட்சத்துக்குள் கேமிங் கொம்பியூட்டர் தேடுகிற ஆள் முதலில் யோசிக்க வேண்டியது சத்தத்தை. எத்தனை எஃப்பிஎஸ் வரும் என்பது அதற்குப் பிறகு. கலர் வெளிச்சம் பட்டியலிலேயே வேண்டாம். சத்தமில்லாத பிசி என்பது காசு மிச்சம் இருக்கிறவன் கடைசியாகத் தேடுகிற சொகுசு எண்டு எங்கட பெடியள் மத்தியில் ஒரு நினைப்பு இருக்கு. உண்மையில் காசு உள்ளவனுக்குத்தான் அது தேவையில்லை. அவனுக்குத் தனி அறை இருக்கு, கதவைச் சாத்தலாம்.

எங்களுக்கு எது இருக்கு? 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். அந்தக் காசில் எழும்பிய வீடுகளில்தான் எங்களில் பாதிப்பேர் வளர்ந்தோம். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. (இப்ப நாங்கள் ஒரு பெட்டிக்குப் போடத் துணிகிற காசு அண்டைக்கு ஒரு வீட்டுக்குக் கொடுத்ததில் பாதி. ரூபாயின் பெறுமதி வேறு, தெரியும். இருந்தாலும் நினைத்துப் பாருங்கோ.) ஹோலில் ஒரு மேசை. அதில்தான் தங்கச்சி உயர்தரத்துக்குப் படிக்கிறாள், அதில்தான் கொம்பியூட்டரும் வரப்போகுது. பக்கத்துப் பாயில் அம்மம்மா. நாங்கள் விளையாடக் குந்துவது இரவு பத்து மணிக்குப் பிறகு, ஊர் அடங்கின நேரம்.

இதில் எங்கட வீடுகளுக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் இருக்கு. 2008, 2009 இல் வன்னிக்கு மேலே சுத்தித் திரிந்த வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் வண்டு. மெல்லிய, விடாத, எங்கேயிருந்து வருகுது எண்டு பிடிபடாத இரைச்சல் அது. சின்ன ஃபான் ஒன்று முழு வேகத்தில் இரையும்போது வருவதும் கிட்டத்தட்ட அந்த ஜாதிச் சத்தம்தான். "அதைக் கொஞ்சம் நிப்பாட்டு மோனை" எண்டு அம்மம்மா சொன்னால் அவவுக்கு கேம் பிடிக்கேல்லை எண்டு அர்த்தம் எடுக்காதீங்கோ. அந்த வயதுக் காதுகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. இதை எந்த யூடியூப்காரனும் கணக்கில் எடுக்கப் போறதில்லை. நாங்கள்தான் எடுக்க வேணும்.

"ஹெட்செற் போட்டால் சரிதானே மச்சான்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஹெட்செற் போடுகிறது நீங்கள். ஃபான் சத்தம் கேட்கிறது வீட்டில் மிச்சம் உள்ள எல்லாருக்கும்.

சரி, ஏன் அந்த ஏசி அறை அறிவுரை இங்கே எடுபடாது? ஃபான் குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள காற்றைத்தான் எடுத்துச் சூட்டின் மேல் தள்ளுது. 22 பாகை அறையில் ஒரு கிராபிக்ஸ் கார்ட் 65 பாகையில் நின்றால், 34 பாகை அறையில் அதே ஃபான் வேகத்துக்கு அது ஏறத்தாழ 77 இல் நிற்கும். கார்ட் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது, ஃபானைக் கூட்டும். ஃபானின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு ஏறும். 10 டெசிபல் ஏறினாலே எங்கட காதுக்கு அது இரண்டு மடங்குச் சத்தம். ஆக, அவர்கள் "சைலன்ட்" எண்டு முத்திரை குத்தின பொருள் பரந்தனில் சைலன்ட் இல்லை. உட்பக்கம் ஸ்பொஞ்ச் ஒட்டி முன்பக்கம் மூடின "சத்தம் அடக்கும்" கேசிங்குகளும் இப்படித்தான். குளிர் நாட்டில் நல்ல பொருள். இங்கே அடுப்பு.

அதனால் எங்களுக்கு வேற கணக்கு. சத்தத்தின் வேர் சூடு, சூட்டின் வேர் வாட். குறைந்த வாட்டில் வேலை செய்கிற பாகத்தை எடுத்தால் மிச்சம் எல்லாம் தானாக இறங்கும்.

கிராபிக்ஸ் கார்ட்டில் இருந்து தொடங்குங்கோ, அதுதான் பெட்டிக்குள் பெரிய அடுப்பு. ஆர்டிஎக்ஸ் 4060 இன் உச்சத் தேவை 115 வாட். ஆர்எக்ஸ் 6600 எண்டால் 132. 2025 இல் வந்த 5060 க்கு 145. மூன்றிலும் 8 ஜிபி நினைவகம், மூன்றும் 1080பி திரைக்குப் போதும். பழைய ஆர்எக்ஸ் 580 க்கு 185 வாட் வேணும், அதுவும் இவற்றை விடக் குறைவான வேலைக்கு. இன்னொன்று, ஒரே சிப்பை ஒரு ஃபான் வைத்த சின்னக் கார்ட்டாகவும் விற்பார்கள், இரண்டு ஃபான் வைத்ததாகவும் விற்பார்கள். விலை வித்தியாசம் பெரிதாக இராது, சத்தத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும். இரண்டு ஃபான் உள்ளதை எடுங்கோ. சூடு குறைவாக இருக்கும்போது ஃபானை முற்றாக நிப்பாட்டி வைக்கிற வசதி அதில் இருக்கா எண்டும் கேளுங்கோ. கட்டுரை எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் கார்ட் ஊமையாக இருக்கும்.

புரொசசருக்கு ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், 2022 இல் வந்தது. பழசு எண்டு சிரிக்கிறவன் சிரிக்கட்டும். காசு இறுகினால் இன்டெல் ஐ3 12100எஃப். இரண்டோடும் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கூலர் வரும், வேலை செய்யும், ஆனால் கத்தும். அதைக் கழற்றி வைத்துவிட்டு 120 மில்லிமீற்றர் ஃபான் உள்ள கோபுரக் கூலர் ஒன்று போடுங்கோ, மலிவானதே போதும். வோட்டர் கூலிங் பக்கம் தயவுசெய்து போகாதீங்கோ. 65 வாட்டுக்கு அது தேவையில்லை, பம்ப் ஒரு தனிச் சத்தம் போடும், பழுதானால் கொழும்புக்கு பஸ் ஏற வேணும்.

ரேம் 16 ஜிபி, இரண்டு எட்டாக. 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிப்போய்க் கிடக்கு, அதில் எங்களுக்கு ஒரு அறிவுரையும் இல்லை. சேமிப்புக்கு எஸ்எஸ்டி மட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பாசத்தோடு உள்ளே பூட்டினால் இரவு முழுக்க அது முனகும். பாசம் இருந்தால் வெளியே வைத்து வேண்டிய நேரம் செருகுங்கோ.

கேசிங்கில்தான் எங்களுக்கு உண்மையான கோபம். கடைகளில் "கேமிங் பக்கேஜ்" எண்டு கட்டி வைத்திருப்பதைப் பாருங்கோ. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று போக ஓரத்தில் விரல் நுழையாத ஒரு நீக்கல், அதற்குப் பின்னால் வெளிச்சத்துக்காகவே செய்த மூன்று மலிவு ஃபான். அந்த ஃபானுக்குப் பெரும்பாலும் வேகக் கட்டுப்பாடே இல்லை, போட்டதில் இருந்து ஒரே வேகம். வாங்குகிறவன் பார்ப்பது வெளிச்சத்தை, விற்கிறவன் மிச்சம் பிடிப்பது பவர் சப்ளையில். எங்களில் ஒருவர் போன வருசம் ஒரு கடையில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பவர் சப்ளையின் பெயரைக் காட்டச் சொன்னதுக்கு, "தம்பி, வாங்கிறதெண்டால் கதையுங்கோ" எண்டு பதில் வந்தது. 18 வீத வற்றும் சேர்த்து அறவிடுகிற ஒருவருக்கு உள்ளே என்ன இருக்கு எண்டு சொல்ல இரண்டு நிமிசம் கிடைக்கேல்லை.

முன்பக்கம் வலை போட்ட, தூசு வடி கழற்றிக் கழுவக்கூடிய கேசிங் ஒன்று எடுங்கோ. அழகாக இராது. சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கட ஒழுங்கைகளின் செம்மண் எல்லாம் அதற்குள் வரும், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வடியைக் கழுவினால் போதும். தூசு அடைத்த வடிக்குப் பின்னால் எந்த நல்ல ஃபானும் கத்தத்தான் செய்யும். நான்கு முனை செருகி உள்ள 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபான் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பெரிய ஃபான் மெதுவாகச் சுத்தினாலே தேவையான காற்று வரும். அதன் வேகத்தை பயோஸில் நீங்களே வரைந்து கொடுக்கலாம், செலவு இல்லை.

பவர் சப்ளை 550 வாட், 80 பிளஸ் பிரோன்ஸ் முத்திரையாவது வேணும். மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து விளையாட்டு நேரத்தில் 220 வாட் அளவுதான் இழுக்கும். பாதிச் சுமையில் ஓடுகிற பவர் சப்ளை சூடாகாது, அதன் ஃபானும் ஆறுதலாகச் சுத்தும். கேசிங்கோடு இலவசமாக வருகிற "500 வாட்" என்பது பெரும்பாலும் ஸ்டிக்கரில் மட்டும்தான் 500.

இந்த 220 என்ற எண் இன்னும் இரண்டு இடத்தில் உதவும். ஒன்று யூபிஎஸ். இங்கே எல்லாரும் வாங்குகிற 650 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும், திரையும் சேர்த்து அதற்குள் அடங்கும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டது எண்டு அமைச்சர் சொன்னதையும் மறந்தவர்கள் மட்டும் யூபிஎஸ் இல்லாமல் வாங்கலாம். (கரண்ட் போனதும் கீக் கீக் எண்டு அது கத்தும். அதை அடக்கக்கூடிய மொடலா எண்டு கேட்டு வாங்குங்கோ.) மற்றது பில். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் 220 வாட் எண்டால் மாதம் 26 யூனிட். 450 வாட் இழுக்கிற பெட்டி எண்டால் 54. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டை அது தாண்ட வைத்தால், முதல் யூனிட்டில் இருந்தே வேற விலை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறினபோது வீடுகளில் நடந்த சண்டையை எல்லாரும் பார்த்தோம்தானே.

450 வாட் பெட்டி எங்கேயிருந்து வருகுது? பெரும்பாலும் மாமாவின் சூட்கேசில் இருந்து. ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ, தான் பாவித்து முடித்த 3080 ஐ ஆசையாகக் கொண்டுவருவார். மனுசன் அன்பாகத்தான் தருகிறார். ஆனால் அந்தக் கார்ட் மட்டும் 320 வாட். அவருடைய வீட்டில் தை மாதம் அது அறையைச் சூடாக்கும், அவருக்கு லாபம். ஓமந்தையில் வைகாசி மாதம் அதை ஓட்டுவது ஹோலுக்குள் ஹீற்றர் வைப்பது மாதிரி. மாமாவுக்கு நன்றி சொல்லி, அதை விற்று 4060 வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை.

இக்மனில் வருகிற பாவித்த கார்ட்டுகளுக்கும் ஒரு சொல். 2022 செப்ரெம்பர் 15 இல் எதீரியம் நாணயம் முறை மாறியதோடு கார்ட் வைத்து அதைத் தோண்டுகிற வேலை நின்றது. மாதக்கணக்கில் இராப்பகலாக ஓடின கார்ட்டுகள் அப்போது சந்தைக்கு வந்தன, இன்னும் கை மாறிக்கொண்டு இருக்கு. சிப் நல்லாக இருக்கும், ஃபானின் பெயரிங் போயிருக்கும். படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீங்கோ. நேரில் போய் அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டு, காதைக் கிட்டக் கொடுத்துக் கேளுங்கோ.

எல்லாம் வாங்கின பிறகு காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கு, அதை எங்கட ஆக்கள் செய்யவே மாட்டினம். உங்கட திரை 75 ஹேர்ட்ஸ். கேம் 160 எஃப்பிஎஸ் ஓடுது எண்டு மூலையில் எண் காட்டுது, பெருமையாக ஸ்கிரீன்ஷொட் வேற. அதில் பாதிக்கு மேல் உங்கட கண்ணுக்கு வருவதே இல்லை, கார்ட் சும்மா வேகுது. 75 இல் பூட்டி விடுங்கோ. கார்ட்டுக்குக் கொடுக்கிற வோல்ட்டை மென்பொருளில் கொஞ்சம் குறைத்தும் விடுங்கோ. வாட் இறங்கும், ஃபான் இறங்கும், விளையாட்டில் வித்தியாசம் தெரியாது.

"ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு என்னத்துக்கு உது?" எண்டு கேட்கிறவர்களும் இருக்கினம். பெரும்பாலும் அறிவியல்நகர் பக்கம் படிக்கிற நண்பர்கள். குறும்படம் வெட்டுகிறோம், கேம்களைப் பற்றி இந்த வலைப்பூவில் விமர்சனம் எழுதுகிறோம் எண்டு சொல்லலாம், அது உண்மையும்தான். ஆனால் சாட்டுச் சொல்ல வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. விளையாடப் பிடிக்கும், விளையாடுகிறோம். ஒரு போகத்துக் காசில் ஒரு பங்கை அப்பா இதற்குத் தருகிறார் எண்டால், அந்தக் காசில் வாங்கின பொருள் அந்த வீட்டில் உள்ளவர்களை நித்திரை கொள்ள விட வேணும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் புளூ சுவிட்ச் மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கி இரவு பன்னிரண்டுக்கு டக்கு டக்கு எண்டு அடிக்கிற புதுக்குடியிருப்பு நண்பர் ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை.