கூரை பறந்த பிறகா நன்கொடைப் புத்தகம்?



புரட்டாசி பிறந்துவிட்டால் மண்டிக்காரர்களாகிய நாம் முதலில் செய்யும் வேலை கிடங்கின் கூரையைப் பார்ப்பது. துருப்பிடித்த தகரத்தை மாற்றுகிறோம். மூட்டைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி அடுக்குகிறோம். தார்ப்பாயை வெயிலில் விரித்து, ஓட்டை இருந்தால் ஒட்டுப் போடுகிறோம். இன்ஷூரன்ஸ் தவணை கட்டியாயிற்றா என்று கணக்கப்பிள்ளையைக் கேட்கிறோம். பத்து மூட்டை சீனி நனைந்தால் என்ன நஷ்டம் என்பது நமக்குக் காகிதமும் பேனாவும் இல்லாமலே தெரியும். அதே கடைத்தெருவின் கோடியில் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் கூரையை அண்ணாந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

கடைமடைப் பகுதி வணிகர்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி 2018ஆம் ஆண்டில் வந்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. வியாபாரம் முடிந்து பாக்கி வசூலுக்குக்கூட நாங்கள் புறப்படவில்லை. பத்தாம் நாள், 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியுமுன்னே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. நெட்டைத் தென்னை மறுபடி வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருடம் ஆகும். தேங்காயை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக்காரனுக்கும் உரக்கடைக்காரனுக்கும் அது என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

தோப்பு போனதைப் பத்திரிகைகள் எழுதின, எழுத வேண்டியதுதான். பள்ளிக்கூடங்கள் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஷீட் போட்ட வகுப்பறைகள் திறந்தவெளியாயின. மரம் விழுந்து சுற்றுச்சுவர் உடைந்தது. கான்கிரீட் கட்டடமாக நின்றவை நிவாரண முகாம்களாயின. அரசுக் கணக்குப்படி 2 லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் தங்கினார்கள். பள்ளி நடத்த இடமில்லை. இடம் இருந்த பள்ளியில் பள்ளி நடத்த வழியில்லை. வீட்டோடு சேர்ந்து பிள்ளைகளின் புத்தகமும் சீருடையும் நனைந்து போயின.

அப்போது வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. அதை நாங்கள் மறக்கமாட்டோம். முகம் தெரியாதவர்கள் எங்கள் ஊர்ச் சந்துகளுக்குள் வந்து அரிசி கொடுத்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு வந்த உதவியில் பெரும்பகுதி நோட்டும் பேனாவும்தான். ஒரே பள்ளிக்கு இந்த வாரம் ஒரு சங்கம், அடுத்த வாரம் ஒரு கிளப், அதற்கடுத்த வாரம் ஒரு கம்பெனி என்று நோட்டுக் கட்டுகள் வந்து இறங்கின. அந்த நோட்டை நனையாமல் வைக்க ஓர் அறை இல்லை. ஷீட் வேண்டும், கொக்கி போல்ட் வேண்டும், நாலு நாள் கூலிக்குப் பணம் வேண்டும் என்று ஆசிரியர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். நோட்டுக் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். கொக்கி போல்ட் கொடுப்பவரை யார் போட்டோ எடுப்பார்?

ஊர்ப் பெருமை பேசுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் நல்ல மதிப்பெண் வாங்கினால் கடைத்தெரு முழுக்கப் பேனர் வைக்கிறோம். நூற்றாண்டு விழா என்றால் நுழைவாயில் வளைவு கட்டி, சலவைக்கல்லில் நம் தகப்பனார் பெயரைப் பொறிக்கிறோம். தவறென்று சொல்லவில்லை. அந்த வளைவுக்குள் நுழைந்து நூறடி நடந்தால் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் மழை ஒழுகுகிறது, அதுதான் உறுத்துகிறது.

கூரை ஏன் பறக்கிறது என்று நம் இரும்புக்கடை நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை. இறவாரத்துக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. கொக்கி போல்ட் துருப்பிடித்திருந்தால், வாஷர் தேய்ந்திருந்தால், ஓரத்து ஷீட் முதலில் கிளம்பும். பிறகு சீட்டுக்கட்டு மாதிரி மற்றவை. ஓரத்து வரிசையில் போல்ட்டை நெருக்கிப் போட்டு, ஆண்டுக்கொரு முறை துருப்பிடித்ததை மாற்றினாலே பாதிக் கூரை பிழைக்கும். ஓட்டுக் கட்டடம் என்றால் ரீப்பரில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். ஓடு பறந்தால் மறுநாளே வேய்ந்துவிடலாம். சட்டம் போனால் கட்டடமே போயிற்று. கான்கிரீட் தளத்துக்கு எதிரி காற்றைவிட இலைச் சருகு. நீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, தளத்தில் தண்ணீர் தேங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. ஐப்பசிக்கு முன் ஓர் ஆளை மேலே ஏற்றிச் சருகை அள்ள ஒரு நாள் கூலிதான் செலவு.

2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்றார்கள், சரியான உத்தரவு. கீற்று இருந்த பல இடங்களில் ஷீட் வந்தது. தீயிலிருந்து தப்பினோம்; காற்றுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பின்னர்தான் மாநிலம் முழுதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பெற்றது.

'இது சர்க்கார் வேலை அல்லவா?' என்று சிலர் கேட்பார்கள். பெரும்பகுதி சர்க்கார் வேலைதான், மறுக்கவில்லை. புதுக் கட்டடம் கட்டுவதை நாம் தலையில் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் பொறியாளர் வந்து பார்த்து, மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, டெண்டர் விடுவதற்குள் பிள்ளைகளின் ஒரு பருவம் போய்விடுகிறது. இருபதாயிரம் ரூபாய்ப் பழுது கவனிப்பாரற்று மூன்று ஆண்டில் இரண்டு லட்ச ரூபாய்ப் பழுதாகிவிடுகிறது.

சிறு நகரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஆரம்பித்த பழைய பள்ளிகள் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு. கட்டடம் கட்டிய தலைமுறை போய்விட்டது, பேரன்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். உறுதிச் சான்று வாங்கவும் கட்டட உரிமம் புதுப்பிக்கவும் நிர்வாகிகள் அல்லாடுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் படித்தது இம்மாதிரிப் பள்ளிகளில்தான். பள்ளி இறுதி வகுப்போடு கல்லாவுக்கு வந்த நம் தலைமுறைக்கு அந்தப் பள்ளியைத் தவிர வேறு கல்லூரி கிடையாது.

வணிகர்களுக்கு இது புதிய தருமமும் அல்ல. விருதுநகரில் 1889ஆம் ஆண்டிலேயே க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது எதனால்? கடைக்குக் கடை மகமை, வீட்டுக்கு வீடு பிடியரிசி. அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். இன்ன பள்ளிக்கு இன்ன பொருள் தேவை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள். ஊரார் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தார்கள். கஜாவின்போது இல்லாமற்போனது அந்தப் பட்டியல்தான்.

இப்போது நாம் கேட்பது, ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் பள்ளிப் பராமரிப்புக்கென்று தனி மகமை வைக்க வேண்டும் என்பது. மூட்டைக்கு ஒரு ரூபாய் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 200 மூட்டை இறங்கும் மண்டிக்கு, மாதம் 25 நாளில் 5,000 ரூபாய். அப்படிப் பத்து மண்டி இருந்தால் மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம். சில்லறைக் கடைக்காரர்கள் தினம் ஐந்து ரூபாய் உண்டியலில் போட்டாலும் போதும். இந்தப் பணத்தில் கட்டடம் எழுப்ப வேண்டாம். போல்ட், ஷீட், ரீப்பர், குழாய், சருகு அள்ளும் கூலி ஆகியவற்றுக்கு மட்டும் செலவிட வேண்டும். பாதியைத் தொடாமல் வங்கியில் வைக்க வேண்டும், புயலுக்கு மறுநாள் எடுப்பதற்காக.

ஏற்கெனவே வருமான வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வித் தீர்வை கட்டுகிறோமே, ஜி.எஸ்.டி. கட்டுகிறோமே, ஆன்லைன்காரன் வேறு வியாபாரத்தைக் கொண்டு போகிறானே என்று மண்டித் திண்ணையில் பேச்சு வரும். உண்மைதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஊர்ப் பள்ளி சீர்கெட்டால் காலை ஏழு மணிக்கு வேன் வந்து பிள்ளைகளைப் பக்கத்து நகரத்துக்கு ஏற்றிப் போகிறது. இரண்டு வருடத்தில் குடும்பமே அங்கே வீடு பார்த்துப் போகிறது. அந்தக் குடும்பத்தின் மளிகைச் சீட்டும் ஜவுளியும் பாத்திரமும் கூடவே போகின்றன. ஆன்லைன்காரன் பேரைச் சொல்கிறோம்; வேன் கொண்டு போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

நடைமுறை பற்றிச் சில வார்த்தை. பள்ளிக்குள் நம் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியாது, கூடவும் கூடாது. தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன்பின் செய்ய வேண்டும். அந்தக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் போய் உட்காரலாம். 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்க முடியும். உதவி பெறும் பள்ளிக்கு நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இரும்புக்கடைக்காரர்கள் அடக்க விலைக்குச் சரக்குத் தந்தால் போதும், இலவசம் வேண்டாம். இலவசமென்றால் கிடங்கில் கிடக்கும் பழசு வந்து சேரும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கணக்கைச் சங்கப் பொருளாளர் மட்டும் வைத்துக்கொள்ளாமல், மாதா மாதம் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆவணியில் நடக்கும் செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கக் கோருகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நான்கு பேர் பள்ளிக்குப் போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்துப் பட்டியல் எழுதி வந்தால், கூட்டத்தில் பேச்சு சுருக்கமாக முடியும்.